இருபத்துமூன்றாவது நிமிடம்

எங்கள் றக்பிக் கழகத்தின் ஒன்பதாம் இலக்க ஆட்டக்காரன் தலையில் அடிபட்டு விழுந்தபோது ஆட்டம் தொடங்கி இருபத்துமூன்று நிமிடம் ஆகியிருந்தது. அன்று மாலையே நாட்குறிப்பில் எழுதினேன்: "23: ஒன்பது விழுந்தான். 24: எழுந்தான்." இரண்டு வரியும் சரி. கைக்கடிகாரத்தைப் பார்த்துத்தான் எழுதினேன். அந்த இரண்டு வரிக்கும் நடுவில் நான் செய்ததை எழுதவில்லை.

அது 2009 ஆகஸ்ட், ஒரு சனிக்கிழமை. ஒஸ்லோவின் புறநகரான ஹொல்ம்லியாவில் எங்கள் வீட்டுச் சமையலறை யன்னலால் பார்த்தால் மைதானம் தெரியும். அதற்கு முந்தைய வருடம், வட இங்கிலாந்திலிருந்து வந்து ஒஸ்லோவில் குழாய் வேலை செய்யும் ஒருவர் அங்கே இளைஞர்களைச் சேர்த்துப் பந்து எறியப் பழக்கத் தொடங்கினார். எங்களில் சிலர் கண்டியிலும் கொழும்பிலும் பார்த்திருந்தது பதினைந்து பேர் ஆடும் றக்பி. இது பதின்மூன்று பேர் ஆடுவது. பந்து வைத்திருப்பவனை ஆறு தடவை பிடித்து வீழ்த்திவிட்டால் பந்து மற்றப் பக்கத்துக்குப் போய்விடும். தமிழ்ப் பிள்ளைகள், பாகிஸ்தானியர், சோமாலியர், நோர்வேஜியர் என்று ஒரு அணி சேர்ந்தது. பிள்ளைகள் ஆடினால் பெற்றோர் ஏதாவது வேலை செய்து கொடுக்க வேண்டும் என்பது இந்த நாட்டு வழக்கம். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. என்றாலும் பயிற்சியாளர் எங்கள் கதவைத் தட்டினார்.

"நீ முதியோர் இல்லத்தில் உதவித் தாதி என்று சொன்னார்கள். இந்தா," என்று மருந்துப் பையைத் தந்துவிட்டுப் போனார்.

பையை ஒழுங்குபடுத்தியது நான். கட்டுத் துணி அளவுப்படி, குளிர்ப் பொதிகள் அடியில். யாராவது தலையில் அடிபட்டால் மூன்று கேள்வி கேட்க வேண்டும் என்று பயிற்சியாளர் சொல்லித் தந்திருந்தார். இது எந்த மைதானம்? இது முதற் பாதியா, இரண்டாம் பாதியா? கடைசியாகப் புள்ளி எடுத்தது யார்? ஒன்றுக்குப் பிழையான பதில் வந்தாலும் ஆள் வெளியே. அதைத் தட்டச்சு செய்து பிளாஸ்டிக் உறையில் போட்டு வெளிப்பையில் வைத்திருந்தேன்.

அந்தச் சனிக்கிழமை எதிரணியின் பெரிய ஆள் ஒருவர் பந்தோடு நேராக வந்தார். ஒன்பது குனிந்து இடுப்பில் பிடிக்கப் போனான். வந்தவரின் முழங்கால் அவன் காதுக்கு மேலே பட்டது. அந்தச் சத்தம் கோட்டுக்கு வெளியே நின்ற எனக்குக் கேட்டது. பையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

அவனுக்கு இருபத்திரண்டு வயது. பொறியியல் படிக்கிறான். பிறந்து ஐந்தாம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து என்னுடைய காரில்தான் அவனை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். இரத்த உறவு இல்லை, ஆனால் நான் அவனுக்கு மாமா. அவனிடம் போய் "இது எந்த மைதானம்" என்று கேட்பதா? தாயும் தகப்பனும் கயிற்றுக்கு அப்பால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கூச்சமாக இருந்தது.

"தம்பி, என்ன மாதிரி? தலை கிலை சுத்துதோ?"

"இல்லை மாமா. ஒண்டுமில்லை."

"விளையாடுவியோ?"

"ஓம் மாமா."

பயிற்சியாளர் இருந்த பக்கம் திரும்பிக் கட்டைவிரலைத் தூக்கினேன். அவர் தலையசைத்தார்.

இரண்டாம் பாதியில், அறுபத்தோராவது நிமிடம், ஒருவன் அவன் தோளில் சாதாரணமாகத்தான் பிடித்தான். விழுந்தவன் எழும்பவில்லை. வாந்தி எடுத்தான். அம்புலன்ஸ் வரப் பதினொரு நிமிடம் எடுத்தது. நான்கு நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். தலைக்குள் சிறிய இரத்தக் கசிவு. முதல் அடி இல்லாவிட்டால் இரண்டாவது ஒன்றும் செய்திருக்காது என்று வைத்தியர் தகப்பனிடம் சொல்லியிருக்கிறார். தகப்பன் அதை என்னிடம் சொன்னபோது என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார் என்று எனக்குத் தோன்றியது. நான் அந்த மூன்று கேள்வியைக் கேட்காதது அப்போது அவருக்குத் தெரியாது. முகத்தைத் திருப்பியது நானாகத்தான் இருந்திருக்கும்.

எதிரணியோடு வந்த ஒருவர் கைத்தொலைபேசியில் வீடியோ எடுத்திருந்தார். முழங்கால் படுவது அதில் இல்லை. ஒன்பது எழுந்து பிழையான திசையில் இரண்டடி வைப்பது மட்டும் தெரிகிறது. புதன்கிழமை பத்திரிகையில் அதிலிருந்து ஒரு படம் வந்தது. மூளை அதிர்ந்தவனைப் பயிற்சியாளர் மீண்டும் ஆடவிட்டார் என்று தலைப்பு. விளக்கம் கொடுக்க றக்பிச் சம்மேளனம் இரண்டு கிழமை அவகாசம் தந்திருந்தது. பயிற்சியாளரைத் தடை செய்வார்கள், கழகத்தையும் போட்டியிலிருந்து நீக்கலாம் என்று எழுதியிருந்தார்கள். கீழே அவர் சொன்ன ஒரு வரி: "முடிவு என்னுடையது. வேறு யாருக்கும் அதில் பங்கில்லை."

அதை ரயிலில் நின்றபடி வாசித்தேன். இறங்க வேண்டிய நிலையம் கடந்து போய்விட்டது. மத்தியான இடைவேளையில் அவருக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"ஏன் அப்படிச் சொன்னாய்?"

"உண்மைதானே."

"நான் கட்டைவிரலைத் தூக்கினேன்."

"பார்த்தேன். பார்த்துவிட்டு முடிவெடுத்தது நான். உன் பேர் பேப்பரில் வந்தால் உன் வேலையிடத்தில் என்ன சொல்வார்கள்? சும்மா இரு. நான் இப்போது ஒருத்தியின் குளியலறையில் முழங்கால் தண்ணீரில் நிற்கிறேன்."

வைத்துவிட்டார். எனக்கு ஆறுதலாக இருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை. அந்த ஆறுதல் கோப்பி ஆறும் வரைதான் இருந்தது. பிறகு நாள் முழுக்க ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. ஒரே மருந்து அலுமாரியை மூன்று தடவை பூட்டிப் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்தால் எங்கள் மாடிப்படியில் கூட்டம். நடுவில் நின்றவர் நான்காம் மாடிப் பெண். மட்டக்களப்புப் பக்கம், பாலர் பள்ளியில் வேலை. அவருடைய மகன்தான் அணியின் ஏழாம் இலக்கம். என்னை அண்ணை என்பார்.

"பாத்தியளோ அண்ணை? எங்கட பிள்ளையள் வெண்டால் ஒரு வரி போடமாட்டாங்கள். விழுந்தால் அரைப் பக்கப் படம்!"

"ஓம்," என்றேன்.

"என்ன ஓம்? வசந்தத்தில பாராளுமன்றத்துக்கு முன்னாலை எத்தினை நாள் நிண்டனாங்கள்? நீங்களும்தானே நிண்டனீங்கள். என்ன நடந்தது? ஒண்டுமில்லை. இது எங்கட வாசல்லை நடக்கிறது. இதையும் விட்டுட்டால் நாங்கள் பிறகு என்னத்துக்கு மனிசர் எண்டு?"

ஊரில் போர் முடிந்த அந்த வசந்தத்தைப் பற்றி இங்கே அதற்கு மேல் எழுதமாட்டேன். எல்லாருக்கும் தெரியும். அந்தக் கால்களும் தொண்டைகளும் ஆகஸ்டில் இன்னும் ஓயாமல் இருந்தன என்பதுதான் முக்கியம். அடுத்த ஆட்டத்துக்கு அவை எல்லாம் வந்தன.

வழக்கமாக நாற்பது பேர்கூட வராத இடம். அன்று இடைவேளைக்குள் இருநூற்றுப் பதினான்கு பேர். இரண்டு தடவை எண்ணினேன். கழகத்தின் நிறத்தில் பச்சைச் சட்டை, பச்சைச் சால்வை, ஒருவர் பச்சைப் படுக்கை விரிப்பையே போர்த்துக்கொண்டு வந்திருந்தார். பாகிஸ்தானிய டாக்சி ஓட்டுநர் ஒருவர் மேளம் கொண்டுவந்தார். முதலாம் மாடி நோர்வேஜியக் கிழவர் மாட்டு மணியோடு வந்து, யார் பந்து வைத்திருந்தாலும் ஆட்டினார். "எங்கள் பயிற்சியாளரைத் தொடாதே" என்று நோர்வேஜிய மொழியில் எழுதிய பதாகையை நான்காம் மாடிப் பெண்ணும் சோமாலியத் தாய் ஒருத்தியும் எண்பது நிமிடமும் இறக்காமல் பிடித்தார்கள். பயிற்சியாளர் நிலத்தைப் பார்த்தபடி கோட்டோரம் நடந்தார். நானும் பையோடு நடந்தேன். நாங்கள் எதிர்ப்படும்போதெல்லாம் அவர் என்னைக் கடந்து வேறெங்கோ பார்த்தார்.

இடைவேளையில் நான்காம் மாடிப் பெண் எனக்கு ரோல்ஸும் தேநீரும் கொண்டுவந்தார். கையில் ஒரு கடிதம். முதற் பாதியில் எந்த ஆட்டக்காரருக்கும் தலையில் அடிபடவில்லை என்று சம்மேளனத்துக்கு எழுதியிருந்தார்கள். கீழே நூற்றுநாற்பது கையெழுத்துகள்.

"உங்கட நாட்குறிப்புக் கொப்பியில எல்லாம் இருக்குந்தானே அண்ணை? நீங்கள் எழுதினால் அது சட்டம் மாதிரி. அந்தப் பக்கத்தைத் தாங்கோ, கொப்பி அடிச்சு இதோட வைப்பம்."

மாலை வீட்டுக்கு வந்து நின்றார். அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டினேன். இரண்டு வரியையும் வாசித்துவிட்டுக் கை தட்டினார்.

"ஒரு நிமிசம்! கல்லுத் தடக்கினாலும் ஒரு நிமிசம் இருந்து காலைத் தடவுவம். தலையில அடிபட்டவன் ஒரு நிமிசத்தில எழும்புவானோ?"

கொப்பியைக் கொடுத்தேன். திங்கட்கிழமை பிரதி எடுத்துத் திருப்பித் தந்தார். என் எழுத்தில் பொய் ஒன்றும் இல்லை. அதை வைத்து அவர்கள் பொய் சொல்லப் போகிறார்கள், அதற்கு என் எழுத்தே போதுமாக இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து ஒன்பதைப் பார்க்க அவன் வீட்டுக்குப் போனேன். திரைச்சீலைகள் இழுத்து மூடியிருந்தன. வெளிச்சம் கூடாது, வாசிக்கக் கூடாது, எழும்பி நடமாடக் கூடாது. தாய் கதவில் நின்று "மாமா வந்திருக்கிறார்" என்றதும் அவன் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து, காலைக் கீழே போட்டு எழும்பப் பார்த்தான்.

"படு, படு."

"பரவாயில்லை மாமா. இருங்கோ."

"தலை எப்பிடி?"

"ஒண்டுமில்லை மாமா."

தாய் தேநீர் போடப் போன பிறகு கேட்டேன். "அண்டைக்கு நான் ஓடி வந்து கேட்டது ஞாபகம் இருக்கோ?"

"நீங்கள் வந்தது ஞாபகம் இருக்கு. உங்கட சப்பாத்துத் தெரிஞ்சது. நாலு சப்பாத்து." சிரித்தான். சிரித்ததும் நெற்றியைப் பிடித்துக்கொண்டான்.

"பிறகேன் ஒண்டுமில்லை எண்டனீ?"

கேள்வி விளங்காதவன் மாதிரிப் பார்த்தான். "நீங்களெல்லோ கேட்டனீங்கள், மாமா."

"அதுக்கு?"

"உங்களுக்கு வேற என்ன சொல்லுறது? கோச் கேட்டிருந்தால் சொல்லியிருப்பன். அவருக்குச் சொன்னால் அவரோட முடிஞ்சுது. உங்களுக்குச் சொன்னால் அம்மாவுக்குப் போகும், அப்பாவுக்குப் போகும், பின்னேரம் கனடாவில இருந்து சித்தி போன் எடுப்பா." போர்வையை இழுத்துக்கொண்டு சொன்னான்: "எக்சாமன் ரெண்டும் பின்னுக்குப் போட்டாச்சு மாமா. அது பரவாயில்லை."

நான் வேலை செய்யும் இடத்தில் கிழவர்களிடம் எப்படி இருக்கிறது என்று கேட்டால் முழங்காலில் தொடங்கி அரை மணித்தியாலம் சொல்வார்கள். எங்கே குத்துகிறது, எங்கே எரிகிறது, நேற்றை விடக் கூடவா, குறைவா. அப்படிக் கேட்டு எழுதி வைப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். எங்கள் ஆட்களின் பிள்ளைகளில் யாரும் இந்த இருபத்திரண்டு வருடத்தில் எனக்கு அப்படி ஒரு பதில் சொன்னதில்லை. நானும் என் மாமாமாருக்குச் சொன்னதில்லை. சுகமா என்பார்கள், ஓம் என்போம். மூளைக்குள் இரத்தம் கசிகிறதா என்று பார்க்க நான் அந்த வார்த்தையை நம்பியிருக்கிறேன்.

தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பினேன். வீட்டுக்குப் போகாமல் ஏரிப் பக்கம் போய்ச் சுற்றி வந்தேன். ஒரு தடவை சுற்றி முடித்து, மறுபடியும் தொடங்கினேன்.

வியாழக்கிழமை ஆறு மணிக்குக் கழகக் கூட்டம், பாடசாலையின் இசை வகுப்பில். கடிதத்தை வாக்கெடுப்புக்கு விட்டு மறுநாள் அனுப்புவது திட்டம். பயிற்சியாளர் வேலை உடுப்போடு பின் மூலையில், பெரிய மேளத்துக்குப் பக்கத்தில் இருந்தார். இந்த நாட்டில் கூட்டத்தில் பேச வேண்டுமென்றால் கை உயர்த்திப் பட்டியலில் பேர் கொடுக்க வேண்டும். கொடுத்தேன். ஏழாவது பேர்.

முன்னால் ஆறு பேர். டாக்சி ஓட்டுநர் பத்திரிகையைத் திட்டினார். முதலாம் மாடிக் கிழவர் தாம் சிறுவனாய் இருந்தபோது பனிச்சறுக்கில் விழுந்த கதையைச் சொன்னார். சோமாலியத் தாய், தன் மகன் வாழ்க்கையில் முதல் தடவையாக நேரத்துக்கு எழும்புவது இந்தப் பயிற்சியாளரால்தான் என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். அது உண்மை. ஆறு பேர் சொன்னதும் உண்மை. நான் கதிரையின் நுனியில் இருந்து சப்பாத்து நாடாவை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டினேன்.

என் முறை வந்ததும் நோர்வேஜிய மொழியில் சொன்னேன். பிறகு விளங்காதவர்களுக்காகத் தமிழில் திருப்பிச் சொன்னேன்.

"இந்தக் கடிதம் பிழை. இருபத்துமூண்டாம் நிமிசம் தலையில அடிபட்டது. சத்தம் எனக்குக் கேட்டது. கேக்க வேண்டிய மூண்டு கேள்வியையும் நான் கேக்கேல்லை. வீட்டில கேக்கிற மாதிரிக் கேட்டன். பிள்ளையும் வீட்டில சொல்லுற மாதிரிச் சொன்னது. நான் கட்டைவிரலைத் தூக்கினன். கோச் அதைப் பாத்துத்தான் விட்டவர்."

முதலில் எழும்பியது பிள்ளையின் தகப்பன்.

"என்ர பிள்ளை பொய் சொன்னதெண்டோ சொல்லுறீர்?"

"இல்லை. நான் பிழையாக் கேட்டனான்."

அவர் கதிரையை இழுத்துப்போட்டு இருந்தார். நான்காம் மாடிப் பெண் கடிதத்தை மடியில் வைத்திருந்தார்.

"ஒரு கிழமையா எங்களோட நிண்டனீங்கள் அண்ணை. தேத்தண்ணி குடிச்சனீங்கள். கொப்பியைக் கையில தந்தனீங்கள்."

"தந்தனான்."

"அப்பவே வாயைத் திறந்திருந்தால் இந்தப் பொய்யிலை நூத்திநாப்பது பேரைக் கையெழுத்து வைக்கப் பண்ணியிருப்பனோ?"

நான் கதிரையில் இருந்தேன்.

பயிற்சியாளர் பட்டியலில் பேர் கொடுக்காமலே பேசினார். "எனக்கும் அவனுக்கும் நடுவில் முப்பது மீட்டர்தான் இருந்தது. நடந்து போய்ப் பார்த்திருக்கலாம். விரலைப் பார்த்தது லேசாக இருந்தது." பிறகு என் பக்கம் திரும்பினார். "சும்மா இரு என்று உனக்கு எத்தனை மொழியில் சொல்ல வேண்டும்?"

அந்தக் கடிதம் போகவில்லை. அந்த மேசையிலேயே வேறு ஒன்று எழுதினோம், நடந்தது நடந்தபடி. முதலில் பயிற்சியாளர், இரண்டாவது நான். மூன்றாவது கையெழுத்து நான்காம் மாடிப் பெண்ணுடையது. பேனையை என் கையில் தராமல் மேசையில் வைத்தார். மொத்தம் முப்பத்தொரு பேர் வைத்தார்கள்.

பதில் பத்து நாளில் வந்தது. கழகம் போட்டியில் தொடரலாம். பயிற்சியாளர் அடுத்த கோடை வரை மைதானத்துக்குள் வரக்கூடாது, அணியை நடத்தக்கூடாது. மருந்துப் பையைப் பயிற்சி பெற்ற ஒருவர் எடுக்க வேண்டும். வெள்ளிக்கிழமை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன், உள்ளே இருந்தவற்றின் பட்டியலோடு.

செப்டெம்பர் முடிவில் கடைசி ஆட்டம். மைதானத்துக்கு மேலே சரிவில் ஒரு பொதுப் பாதை போகிறது. ஆட்கள் நாயோடும் தள்ளுவண்டியோடும் நடப்பார்கள். பயிற்சியாளர் அங்கே போய் நின்றார். பாதை சம்மேளனத்தின் நிலமில்லை. ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் கோட்டோரம் நின்றவர்கள் ஒவ்வொருவராக ஏறி அவர் பக்கத்தில் போனார்கள். மேளம் போனது. மணி போனது. எழுபது எண்பது பேர் இருக்கும், கீழே நான் மட்டும்.

"அண்ணை!" நான்காம் மாடிப் பெண் மேலிருந்து கூப்பிட்டார். கூட்டத்துக்குப் பிறகு என்னோடு பேசியது அதுதான் முதல். "அங்கை தனிய நிண்டு ஆருக்குக் காவல்? வாங்கோ இஞ்சை."

ஏறினேன். பயிற்சியாளருக்கு இரண்டு ஆள் தள்ளி நின்றேன். அவர் கைகளைச் சட்டைப்பைக்குள் விட்டு, யாருக்கும் சொல்லாததுபோல முணுமுணுத்தார்: "இடப்பக்கம் ஆளே இல்லை. ஏழு ஏன் வலப்பக்கம் போகிறான்?" அடுத்த நொடி டாக்சி ஓட்டுநர் உருதுவிலும், கிழவர் நோர்வேஜிய மொழியிலும், நான்காம் மாடிப் பெண் தமிழிலும் கத்தினார்கள். "டேய், இடப்பக்கம் போடா! இடப்பக்கம்!" கீழே ஏழு திரும்பினான்.

அது அணியை நடத்துவதா, இல்லையா? ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறிக்கொண்டிருந்தேன். பயிற்சியாளர் திரும்பி என்னைப் பார்த்தார்.

"நீ கொஞ்சம் தள்ளிப் போ."

"ஏன்?"

"நாளைக்குச் சம்மேளனத்திலிருந்து யாராவது உன்னைக் கேட்டால், நீ சொல்லிவிடுவாய்."

நான்காம் மாடிப் பெண் அதைத் தமிழாக்கிப் பின்னால் அனுப்பினார். சிரிப்பு வரிசையாகப் போனது. ஒன்பதின் தகப்பனும் நின்றார். மகன் இன்னும் வெளிச்சத்தில் வருவதில்லை. அவர் வாயைக் கையால் மூடிக்கொண்டார், தோள் குலுங்கியது.

"போங்கோ அண்ணை, போங்கோ. அந்த வளைவுக்கு அங்காலை. ஒண்டும் கேக்காத இடத்துக்கு."

போனேன். வளைவைத் தாண்டினால் மைதானத்தின் ஒரு மூலைதான் தெரியும், மிச்சத்தை பேர்ச் மரங்கள் மறைக்கும். கூட்டத்தின் சத்தம் வரும், சொற்கள் வராது. ஒரு மரத்திலிருந்து குப்பைத்தொட்டி வரை நடந்தேன், திரும்பி மரம் வரை வந்தேன். தள்ளுவண்டியோடு போன ஒரு பெண் ஏதாவது தொலைத்துவிட்டீர்களா என்று கேட்டாள். இல்லை என்றேன். அப்போது அங்கே எல்லாரும் ஒன்றாகக் கத்தினார்கள், மேளமும் மணியும் சேர்ந்து. எங்கள் புள்ளியா, அவர்களுடையதா, யாராவது விழுந்துவிட்டார்களா? வளைவை நோக்கி இரண்டடி வைத்தேன். பிறகு நின்று, மறுபடியும் குப்பைத்தொட்டிப் பக்கம் நடந்தேன்.